இன்ஜின் என்ன தின்னும்?

திம்மராயப்பர் முதலில் இன்ஜினின் வாயைத் தேடினார்.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றிருந்தது. எல்லோருடைய கண்ணும் தண்ணீர் வரப்போகிற இரும்புக் குழாயின் மேல். அவர் ஒருவர் மட்டும் குழாயைப் பார்க்காமல் இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பது வயது மனிதர். சந்தையில் எந்த மாட்டையும் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்க்காமல் வாங்கியறியாதவர். இதற்கு உதடு எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் எண்ணெய்த் தொட்டியைக் கண்டுபிடித்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சாமி, இது என்னா தின்னும்?”

“குரூட் ஆயில்.”

“தழை தின்னாதா?”

“தின்னாது.”

“புண்ணாக்கு?”

நான் சிரித்தேன். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சிரித்தேன். பி.ஏ. படித்தவன் படிக்காதவரைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று ஒரு தனி ராகம் உண்டு. இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

“கவுடரே, இது மாடில்லை. மெஷின்.”

“மிசினோ மாடோ, தின்னாம எது வேலை செய்யும்?” என்று சொல்லிவிட்டு, அவரும் மற்றவர்களோடு போய் நின்றுகொண்டார்.

அவர் மனைவி கெம்பம்மா இன்ஜினின் பெரிய சக்கரத்துக்கு மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். தேங்காய் உடைத்தார்கள். நான் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினேன். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை ஹேண்டில் திருப்பி அடித்து என்னைச் சேற்றில் உட்கார வைத்தது. இதுவும் சடங்கில் சேர்ந்தது போலிருக்கிறது என்று ஊர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை இன்ஜின் ‘டுப்’ என்றது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி ‘டுப்’ என்றது. பிறகு அதற்கு வேகம் பிடித்துக்கொண்டது. சக்கரத்தில் இருந்த குங்குமப் பொட்டு மறைந்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு வளையம் நின்றது.

குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பியது. பிறகு தண்ணீர் வந்தது.

அன்றுவரை அந்த ஊர் பார்த்தது மாடு கட்டி இறைக்கிற கவலைத் தண்ணீர். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் பறி மேலே வந்து குபுக்கென்று கவிழும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேலே ஏறினால் பறி கிணற்றுக்குள் போகும். அதுவரை வாய்க்கால் காத்திருக்கும். அங்கே பிறந்த எல்லோருடைய காதிலும் அந்த இடைவெளி இருந்தது. ஆகவே குழாயில் தண்ணீர் வந்ததும், ஊரே அது நிற்பதற்காகக் காத்திருந்தது.

நிற்கவில்லை.

யானைத் தும்பிக்கை கனத்துக்கு, வெள்ளையாக, மூச்சே விடாமல் வந்துகொண்டிருந்தது. கெம்பம்மா குனிந்து உள்ளங்கையை நீட்டினாள். தண்ணீர் அவள் கையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. “இரும்மா, இரும்மா” என்றாள், உதைக்கிற மாட்டிடம் பால் கறக்கிறவள் சொல்வதுபோல.

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. இதை விற்க வந்தவனே வாயைப் பிளந்து நின்றால் வியாபாரத்துக்கு அழகில்லை என்று, கையிலிருந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

என் இயந்திர ஞானம்

அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

ஐம்பதுகளின் நடுவாக்கில் நான் வேலை தேடி அலைந்ததைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். படித்தது இலக்கியம். கிடைத்தது கிருஷ்ணகிரியில் ஆயில் இன்ஜின் விற்கிற ஒரு கடையில் உத்தியோகம். முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “இங்கிலீஷ் படிப்பியா?” இன்ஜினோடு வருகிற விளக்கப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இன்ஜினும் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன் என்பதுதான் விசேஷம்.

முதல் இரண்டு பக்கங்களைப் படித்தேன். படங்களைப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் எழுத்து ரொம்பப் பொடியாக இருந்தது. எத்தனையோ தடிமனான நாவல்களைக் கடைசிவரை படித்து அழுதவன், முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தை முடிக்காமல் மூடி வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, மத்தூர் என்று பஸ் போகிற ஊருக்கெல்லாம் பஸ்ஸிலும், பஸ் போகாத ஊருக்கெல்லாம் வாடகை சைக்கிளிலும் போனேன். அந்தப் பக்கத்து ஜனங்கள் சந்தேகத்தைத் தமிழில் கேட்பார்கள். விலையைத் தெலுங்கில் குறைப்பார்கள். நான் தலை திரும்பியதும் என்னைப் பற்றிக் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கன்னடம் புரியாது என்று அவர்களுக்கு எண்ணம். அந்த எண்ணம் சரிதான். ஆனால் சிரிப்பு எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

தட்டுக்காடு

தேன்கனிக்கோட்டைக்கு இந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஊர் திம்மராயப்பருடையது. அவர், கெம்பம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் குடும்பம் என்று வீட்டில் ஒன்பது பேர். கிணற்றுப் பாசனத்தில் ஐந்து ஏக்கர். இரண்டு ஜோடி மாடு: உழவுக்கு ஒன்று, கவலை இறைக்க ஒன்று.

அந்த ஐந்து ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் சோளத்தட்டு. மனிதர்களுக்காக இல்லை, மாடுகளுக்கு. விற்பனைப் பேச்சில் நான் அடித்த முதல் அடி அந்தத் தட்டுக்காட்டின் மேல்தான்.

“கவுடரே, அந்த ஒன்றரை ஏக்கரை யார் சாப்பிடறது?”

“மாடுதான்.”

“மாடு எதுக்கு?”

“தண்ணி இறைக்க.”

“தண்ணி எதுக்கு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுல பாதி, அந்தத் தட்டுக்குத்தான்” என்றார்.

சொன்ன பிறகு அவரே திகைத்துப் போனார். நானும்தான். ஏதோ கேட்கவேண்டும் என்று கேட்ட கேள்வி எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சோறு விளைய வேண்டிய மண்ணில் ஒரு பங்கு, சோறு விளைவிக்கிற பலத்துக்கே செலவாகிறது. நம் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கிணறு ஊருக்கு ஊர் பச்சைப் பசேலென்று மூன்று முழ உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அதைத் தட்டுக்காடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

“இன்ஜின் வந்தால் கவலை மாடு வேண்டாம். மாடு வேண்டாமென்றால் தட்டு வேண்டாம். அந்த இடத்திலும் நெல்லு போடுங்கள்” என்றேன்.

நெல் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் இருந்த மதிப்பை இன்றைய வாசகர்களுக்குச் சொன்னால் விளங்காது. ராகிக் களி தின்றுதான் எல்லோரும் மலைபோல் இருந்தார்கள். ஆனாலும் அரிசிச் சோறு என்றால் பண்டிகை, கல்யாணம், காய்ச்சல். அதோடு, கன்ட்ரோல் காலத்து ஞாபகம் அப்போது இன்னும் ஆறவில்லை. மழை தவறி, கப்பலில் வந்த ஏதோ ஒரு சீமைச் சோளத்தைக் கடைவாசலில் கியூவில் நின்று வாங்கித் தின்ற வருஷங்கள் அவை. “கப்பல்ல வந்ததத் தின்னு உசிரோட இருந்தோம். இனிமே அந்த மானக்கேடு வேணாம்” என்றாள் கெம்பம்மா. எனக்கு விற்பனை முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

கவலை ஜோடியில் மயிலை மாடு, சந்தையில் மைசூர்ப் பக்கத்து ஆள் ஒருவரோடு போய்விட்டது. செவலையைத் தேன்கனிக்கோட்டை பாஷா பாய் வாங்கிக்கொண்டார். பாய் எண்ணெய் வியாபாரி. விளக்கெண்ணெய், புங்க எண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், இப்போது புதிதாகக் குரூட் ஆயில். எண்ணெய் என்று பெயர் வைத்த எதையும் விற்பார். சொந்தமாக ஒரு செக்கும் வைத்திருந்தார். செவலை அந்தச் செக்குக்கு.

இன்ஜினுக்குக் கொட்டகை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. கிணற்றோரமாக மேடான, கெட்டிப்பட்ட இடம் ஒன்றுதான் இருந்தது. மாடுகள் தலைமுறை தலைமுறையாக நடந்து இறுக்கின கவலைச் சரிவின் மேல்முனை. “தயாராக ஒரு மேடை இருக்கும்போது யோசிப்பானேன்? அதன் மேலேயே கட்டுங்கள்” என்று ஆலோசனை சொன்னேன். கட்டினார்கள். தோல் பறியைப் பரண்மேல் வீசினார்கள். எலிகள் என் ஆலோசனைக்கு நன்றி சொல்லியிருக்கும்.

கிணறு மூச்சு வாங்கியது

முதல் மாதத்தில் ஒரு நாள் அவசரமாக ஆள் அனுப்பினார்கள். போனேன். இன்ஜின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. பம்பைக் கழற்றினேன். வால்வைக் கழற்றினேன். கழற்றக்கூடாத இரண்டொரு சாமானையும் கழற்றினேன். கெம்பம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஏம்பா இஞ்சினுக்காரரே, கிணத்துல தண்ணி இருக்குதான்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. மூன்று மணி நேரத்தில் இன்ஜின் கிணற்றை உறிஞ்சித் தீர்த்துவிட்டு, அடிப்பாறையிலிருந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

மாடுகள் வெயில் ஏறினால் நின்றுவிடும். அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, தட்டுப் போட்டு, சாயங்காலம்தான் மறுபடி பூட்டுவார்கள். அந்த நேரத்தில் பாறையிடுக்கு ஊற்று வந்து கிணறு நிறையும். மாட்டுக்கு இளைப்பு வருகிற நேரமும், கிணற்றுக்கு இளைப்பு வருகிற நேரமும் ஒன்றாக இருந்ததால், கிணற்றுக்கும் இளைப்பு உண்டு என்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது. பாறைக்குள் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் கசிகிற நீருக்கும், ஒரு மாட்டின் நுரையீரலுக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறதே என்று கிணற்று விளிம்பில் நின்று வியந்துகொண்டிருந்தேன். கையில் எந்தப் போல்ட் எந்த ஓட்டைக்கு என்று தெரியாத பத்துப் பதினைந்து போல்ட்டுகள்.

அதன்பின் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று இன்ஜினை ஓட்டினார்கள். அந்த வருஷம் நெல் நன்றாக விளைந்தது. காட்டிலிருந்து யானைகள்கூட வரவில்லை. இன்ஜின் சத்தத்துக்குப் பயம் என்று ஊரில் சொன்னார்கள். அடுத்த வருஷம் யானைகளுக்குச் சத்தம் பழகிவிட்டது. அது வேறு கதை.

பாஷா பாய் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாட்டுவண்டியில் எண்ணெய் டிரம் கொண்டுவந்து இறக்குவார். வண்டி மாடுகள் இரண்டும் நுரை தள்ளக் கொட்டகைமுன் நின்று இன்ஜினைப் பார்க்கும்.

“என்னா பாக்குதுங்க?” என்று திம்மராயப்பர் கேட்பார்.

“நாம இழுத்துக்கினு வர்றோம், இவன் உக்காந்து குடிக்கிறானேன்னு பாக்குது” என்பார் பாய்.

மடை யார் கையில்?

அதற்கு அடுத்த கோடையில் எண்ணெய் வரவில்லை.

மாசி பிறந்து, பனி விலகி, வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கிருஷ்ணகிரிக் கடையில் காலி டிரம்கள் உருண்டு கிடந்தன. முதலாளி பத்திரிகையைக் காட்டினார். கடலுக்கு அப்பால் ஒரு கால்வாயை அடைத்துவிட்டார்களாம். கப்பல்கள் ஒரு கண்டத்தையே சுற்றிக்கொண்டு வரவேண்டுமாம். வந்த கொஞ்ச எண்ணெய் லாரிக்கும் மில்லுக்கும் போக, எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சைக்கிளில் போய் திம்மராயப்பரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மண்ணில் குச்சியால் படம் கீறினேன். இது நம்ம ஊர். இது பட்டணம். இது கடல். இது அந்தக் கால்வாய்.

அவர் கால்வாயைக் கவனமாகப் பார்த்தார். “இதுக்கு மடை யாரு கையில?”

“அதுக்குத்தான் சண்டை.”

“மடைச் சண்டையா?” முகம் தெளிந்துவிட்டது. “அது இங்கயும் உண்டு. தை மாசத்துல மண்டை உடையும். ஏன் சாமி, அவங்க மண்டைய உடைச்சிக்கினா எங்க நெல்லு ஏன் காயணும்?”

உலக அரசியலில் எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமாகக் கேட்டவர் இல்லை. இதற்குப் பதில் எழுதினவரும் இல்லை.

கெம்பம்மா வரப்பிலிருந்து வந்தாள். அவள் பின்னால் இரண்டு ஏக்கர் நெல். பொதி கட்டி, கதிர் வெளியே வர ஆரம்பித்திருந்தது. நெல்லுக்கு அதுதான் மசக்கை. இன்னும் மூன்று வாரம் தண்ணீர் கட்டினால்தான் பால் பிடித்து மணியாகும். இல்லாவிட்டால் அத்தனையும் பதர்.

“குதிர்ல ராகி சித்திரை வரைக்கும் வரும்” என்றாள். “நெல்லு நெல்லுன்னு ராகியக் கொறைச்சிப் போட்டோம். சித்திரைக்கு அப்பறம் ஒம்பது பேருக்கும் இந்த நெல்லுதான். கப்பல்ல சோறு வரக்கூடாதுன்னு இஞ்சினு வாங்கினோம். இப்ப இஞ்சினுக்குச் சோறு கப்பல்ல வரணுமாம்.”

திட்டியிருந்தால் தேவலை. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

உழவு மாட்டைக் கவலையில் பூட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எந்தச் சரிவில் இறக்குவது? அதன்மேல் நான் சொன்ன கொட்டகை நின்றது. பரணிலிருந்து தோல் பறியை இறக்கினோம். உள்ளங்கை அகலத்துக்கு ஏழெட்டு ஓட்டைகள். திம்மராயப்பர் அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

பாய் கொண்டுவந்த டின்

மறுநாள் காலை பாய் வண்டி வந்தது. டிரம் இல்லை.

“ஆயில் இல்ல கவுடரே. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு புங்க எண்ணெ ஒரு டின்னு. வெளக்குக்காவது ஆவும்.”

திம்மராயப்பர் டின்னைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். “குடுத்துப் பாக்கலாமா?” என்றார்.

“ஐயையோ! கேரண்டி போய்விடும்” என்றேன்.

“நெல்லு போன பின்னாடி கேரண்டிய வெச்சி நாக்கு வழிக்கிறதா?” என்றாள் கெம்பம்மா.

அந்த நெருக்கடியில்தான் நான் விளக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். பொடி எழுத்தில், ஒரு மூலையில், என்றைக்கோ எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான்: இன்ன எண்ணெய் கிடைக்காத தேசங்களில், விதைகளிலிருந்து ஆட்டிய எண்ணெயையும் வடிகட்டி, சூடுபடுத்திக் கொடுத்துப் பார்க்கலாம் என்று.

வாய்விட்டுத் தமிழில் சொன்னேன். 

“அன்னிக்கே கேட்டனே சாமி” என்றார் திம்மராயப்பர், ரொம்ப மெதுவாக. “புண்ணாக்குத் தின்னுமான்னு. நீ சிரிச்ச.”

அவசரத்தில் ‘சூடுபடுத்தி’ என்பதை நானே மறந்தேன். டிரம் அடியில் மிச்சமிருந்த ஆழாக்குக் குரூட் ஆயிலில் பாதியை விட்டு இன்ஜினைக் கிளப்பி, புங்க எண்ணெயைப் பச்சையாக ஊற்றினேன். நாலு தடவை இருமி, வெள்ளைப் புகை விட்டு, நின்றுவிட்டது. இரண்டாவது தரம் கிளப்ப இன்னும் அரை ஆழாக்குத்தான் இருந்தது.

“காச்சிக் குடுப்பா” என்றாள் கெம்பம்மா. “மார்கழியில நீ பச்சத்தண்ணியிலயா குளிக்கிற?”

மூன்று கல் அடுக்கி, தண்ணீர்ச் சட்டிக்குள் எண்ணெய்ச் சட்டியை வைத்துக் காய்ச்சினோம். தன் பழைய சேலையை நாலாக மடித்து அவள் வடிகட்டினாள். மஞ்சளும் சிவப்புமாக, இளகி, மண்டபத்து விளக்கில் இருக்கிற நிறத்தில் இறங்கியது. நான் ஹேண்டிலைப் பிடித்தேன். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “பிஸ்மில்லா சொல்லிச் சுத்து தம்பி” என்றார். சொல்லிச் சுற்றினேன். அந்த நேரத்தில் யார் எந்தச் சாமியைச் சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

கிளம்பியது. அரை ஆழாக்கு தீருகிற நேரம் பார்த்து, சூடான புங்க எண்ணெயை விட்டேன். இன்ஜின் ஒரு தரம் தடுமாறியது. சத்தம் மாறியது, முன்னைவிடக் கொஞ்சம் மெத்தென்று, தொண்டை அடைத்தவன் பேசுகிற மாதிரி. சக்கரத்தில் சிவப்பு வளையம் நின்றது. குழாய் இருமியது. தண்ணீர் வந்தது.

அதோடு வாசனையும் வந்தது. புகைக்குழாயிலிருந்து கார்த்திகைத் தீபத்து வாசனை. வெள்ளைவெயிலில், நெல் வயலுக்கு நடுவில், ஊர்க்கோயில் விளக்கு அத்தனையும் ஒரே சமயத்தில் ஏற்றியதுபோல. தெருவிலிருந்து ஆட்கள் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். திம்மராயப்பர் தன்னை அறியாமல் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். யாரைப் பார்த்து என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

செவலை

ஒரு டின் இரண்டு நாளைக்கு வந்தது. பாயிடம் மிச்சமிருந்தது இன்னும் மூன்று டின்.

ஆனால் மாசி, பங்குனிதான் புங்கங்காய் முற்றி உதிர்கிற காலம். அந்தப் பக்கத்தில் வரப்புக்கு வரப்பு புங்க மரம் உண்டு. தழையை வெட்டி வயலில் மிதிப்பார்கள். நிழலில் மாடு கட்டுவார்கள். காயைப் பாதிதான் பொறுக்குவார்கள். மண்ணெண்ணெய் வந்த பிறகு அதுவும் இல்லை. இப்போது வீட்டில் இருந்த ஒன்பது பேரும் மரத்தடியில் குந்தினார்கள். கல்லால் தட்டி ஓடு நீக்கிக் கொட்டை எடுத்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் தங்கள் மரத்தடியையும் பெருக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூட்டைகளோடு நான் பாய் வண்டியில் தேன்கனிக்கோட்டைக்குப் போனேன்.

செக்கில் செவலை சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். என் வாயால் வேலை போன மாடு. கண்ணில் துணி கட்டியிருந்தது. அதனால் என்னை அடையாளம் தெரிந்திருக்காது என்று ஒரு சின்ன ஆறுதல். உலக்கை முனகியது. அடியிலிருந்து எண்ணெய் நூல்போல இறங்கியது. இந்த எண்ணெய் இன்ஜினுக்குப் போகிறது. இன்ஜின் தண்ணீர் இறைக்கிறது. தண்ணீரில் நெல் விளைகிறது. நெல்லின் வைக்கோல் பாய் வண்டியில் ஏறி இதோ இந்தச் செவலையின் முன்னால் வந்து விழப்போகிறது. ஆட்டி எடுத்த புண்ணாக்கு அதே வயலுக்கு எருவாகப் போகிறது. மாட்டை அனுப்பிவிட்டு இன்ஜினைக் கொண்டுவந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாடு எங்கேயும் போகவில்லை. சுற்றுப்பாதையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டு அதே கிணற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் அடிப்படை, வெயில். இன்ஜினும் மாடும் நானும் கடைசியில் தின்பது அதைத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நெடுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“என்னா தம்பி, தூக்கமா?” என்றார் பாய்.

“இல்லை பாய். யோசனை.”

“யோசிக்கிறதுன்னா அந்த மூட்டைய இப்படித் தள்ளி வெச்சிட்டு யோசி.”

ஒரேயடியாக அற்புதம் என்று சொல்லிவிட மாட்டேன். புங்க எண்ணெய் பிசின்போல் ஒட்டியது. தினம் ஒரு தடவை எண்ணெய் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிக் கழுவாவிட்டால் இன்ஜின் படுத்துவிடும். மூன்று வாரம் நான் அங்கேயே தங்கிக் கழுவினேன். என் இரண்டு கையும் அந்த வருஷம் முழுக்கக் கறுப்பாகவே இருந்தன. அப்படியும் எண்ணெய் எட்டவில்லை. பங்குனி பிறந்ததும் ஒரு நாள் கெம்பம்மா வரப்பில் நின்று, கீழ்வயல் அரை ஏக்கரைக் காட்டி, “இதுக்குத் தண்ணி வேணாம். மடைய அடைச்சிடு” என்றாள். திம்மராயப்பர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அடைத்தார். கதிரோடு நின்ற பயிர் எட்டு நாளில் வெளுத்தது. அதை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள்.

மீதி ஒன்றரை ஏக்கர் பால் பிடித்தது. மணி முற்றியது. தலை சாய்ந்தது.

சாப்பாடு

அறுப்பு முடிந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அரிசிச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. எனக்குப் பரிமாறிவிட்டு, அவர்கள் ஒன்பது பேரும் களி உருண்டையை எடுத்துக்கொண்டார்கள்.

“நீங்கள்?”

“ராகி தீர்ற வரைக்கும் ராகிதான்” என்றாள் கெம்பம்மா. “நெல்லு, அப்பறம் வேணும்.”

அந்த ஆடியில் அவர்கள் ராகியைப் பழையபடி விதைத்தார்கள். அரை ஏக்கரில் தட்டும் போட்டார்கள். கால்வாய் திறந்து, கப்பல் வந்து, குரூட் ஆயில் வர ஆரம்பித்திருந்தது. இன்ஜின் அதையே குடித்து ஓடியது. ஆனால் கொட்டகைக்கு முன்னால் வரிசையாகப் புங்கங்கன்று நட்டிருந்தார் திம்மராயப்பர். முள் வெட்டி வேலி கட்டிக்கொண்டிருந்தவரிடம் இது எதற்கு என்று கேட்டேன்.

“மாட்டுக் கொட்டாய்க்கு முன்னாடி வைக்கப்போர் போடறதில்லையா? இது இதுக்குப் போர்” என்றார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மத்தூர்ப் பக்கம் ஓர் ஊருக்கு விற்பனைக்குப் போனேன். அதே கிணறு, அதே கூட்டம். இன்ஜின் வாங்க நினைத்திருந்த விவசாயி கையைக் கட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து கேட்டார்: “ஏங்க, இது என்னா தின்னும்?”

புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

“முதலில் உங்கள் காட்டைச் சுற்றிக் காட்டுங்கள்” என்றேன். “என்னென்ன மரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”